அரண்மனைச் சோறும் வாத்தியார் குரலும்

எல்லைக் களரி: ஓசூர் - கிருஷ்ணகிரி மேடைகளின் வரலாறு
அத்தியாயம் 9

நள்ளிரவு தாண்டிவிட்டது. களரியின் நடுவில் ஒரு மரப்பெட்டி கிடக்கிறது. சற்று முன்புவரை அதுதான் இரணியனின் சிங்காதனம். இப்போது அதுவே பள்ளிக்கூடத் திண்ணை. முகவீணையின் சத்தம் தணிய, குடுமியும் பிரம்புமாக இரண்டு வாத்தியார்கள் உள்ளே வருகிறார்கள். எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பவன் சிறுவன் பிரகலாதன். அரசன் பெயரைச் சொல்லி வணங்கு என்று மூத்தவர் பாடம் தொடங்குகிறார். பையன் நாராயணன் பெயரைச் சொல்கிறான். மூத்தவர் இரண்டு காதையும் பொத்திக்கொள்கிறார். இளையவர் பையனைப் பார்ப்பதில்லை. அரசன் போன திசையைப் பார்க்கிறார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. கோரைப்பாயில் சுருண்டு கிடந்த பிள்ளைகள்கூட எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்காருகிறார்கள்.

அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு பயம் இருக்கிறது. பையன் பாடத்தை மாற்றிப் படித்தால் போகப்போவது பையனின் தலை மட்டுமா? சொல்லிக்கொடுத்தவன் தலையும் சேர்ந்தல்லவா போகும்! இரணியன் வீட்டுச் சோற்றைத் தின்று, இரணியன் பிள்ளைக்கு, இரணியன் பெயரையே பாடமாகச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். சுக்கிராச்சாரியாரின் மக்களான சண்டன், அமர்க்கன் என்று பாகவதக் கதை இவர்களுக்குப் பெயர் சொல்கிறது. கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு 'சண்டாமர்க்கர்' என்று ஒரே மூச்சில் சொன்னால்தான் தெரியும்.

சென்ற அத்தியாயம் இந்த வட்டாரத்துக் கட்டியங்காரனோடு நின்றது. அரசனைக் கேலி செய்யும் உரிமை அவனுக்கு இருந்தது. அதே களரியில் அந்த உரிமை இல்லாத இன்னொருவர் உண்டு. அவர்தான் வாத்தியார். மேடையில் ஆசிரியர் எப்படிக் காட்டப்பட்டார் என்று தேடிப் போனால், அந்த வரலாறு பெரும்பாலும் கூலியின் வரலாறாகவே விரிகிறது. யார் சோறு போடுகிறார்கள், அந்தச் சோற்றுக்கு எந்தப் பாடத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது, எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது? நாடகங்கள் இந்தக் கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கின்றன.

சிரிப்புக்கு வந்த குரு

பிரகலாதன் கதை தமிழுக்குப் புதிதல்ல. வால்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைக் கம்பர் தம் காவியத்தில் சேர்த்தார். இராவணன் சபையில் வீடணன் சொல்லும் கதையாக அது வருகிறது. அங்கேயும் பாடம் சொல்லும் அந்தணர், பையன் வாயிலிருந்து வந்த பெயரைக் கேட்டுப் பதறுகிறார்; ஓடிப்போய் அரசனிடம் முறையிடுகிறார். வகுப்பறையில் நடந்ததை அரண்மனைக்குச் சொல்லும் ஆசிரியர் அப்போதே தமிழில் பிறந்துவிட்டார்.

தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் இயற்றிய பிரகலாத சரித்திரம் பாகவத மேளாவாக இன்றும் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி ஆடப்படுகிறது. வட தமிழகத்துக் கூத்து ஜமாக்களிடம் இரணியன் கதை நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஏவி.எம். நிறுவனம் 1967இல் தெலுங்கில் 'பக்த பிரகலாத' எடுத்தபோது, சண்டாமர்க்கராக நடித்தவர்கள் ரேலங்கியும் பத்மநாபமும். இருவரும் அந்தக் காலத் தெலுங்குத் திரையின் பேர்பெற்ற நகைச்சுவை நடிகர்கள். எஸ்.வி. ரங்காராவின் இரணியனுக்குத் தெலுங்கு வீட்டுமொழியாக உள்ள ஓசூர்ப் பக்கத்தில் தனி மதிப்பு உண்டு. அந்தக் கர்ஜனைக்கு நடுவே மூச்சு விட இடம் தந்தவர்கள் இந்த இரண்டு வாத்தியார்கள்.

கோமாளியாகக் காட்டினாலும் கூத்து இவர்களைக் கெட்டவர்களாகக் காட்டவில்லை. இது கவனிக்க வேண்டிய செய்தி. பையன்மேல் அவர்களுக்குப் பாசம் இருக்கிறது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்லிவிடப்பா என்று கெஞ்சுகிறார்கள். பிரம்பை ஓங்குகிறார்கள், அடி விழுவதில்லை. முன்வரிசையில் இருக்கும் கிழவிகள் அந்த இடத்தில் 'ஐயோ பாவம்' என்று சொல்வது பிரகலாதனுக்காக மட்டும் என்று சொல்லிவிட முடியாது.

இந்தக் கதையைத் தலைகீழாகப் புரட்டியவர், தாமே பள்ளி ஆசிரியராக வேலை பார்த்த பாரதிதாசன். அவருடைய 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' 1934இல் பெரியார் தலைமையில் அரங்கேறியது. அதில் இரணியன் நாட்டைக் காக்கும் வீரன். பிரகலாதன் சூழ்ச்சியில் சிக்கிய பிள்ளை. பையனுக்குப் பாடம் புகட்டுவது யார், எதற்காக என்ற கேள்வியே நாடகத்தின் முதுகெலும்பானது. 1948இல் அரசு அந்த நாடகத்துக்குத் தடை விதித்தது. பள்ளிக்கூடக் காட்சி என்றால் சிரிப்புக் காட்சி என்றிருந்த வழக்கம் அந்த இடத்தில் உடைந்தது.

மாவுத் தண்ணீர் குடித்த பிள்ளையின் அப்பா

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களிலும் தர்மராஜா கோயில்களிலும் பாரதத் திருவிழா என்றால் பகலில் சொற்பொழிவு, இரவில் கூத்து, கடைசி நாளில் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் தரையில் நீட்டிப் படுத்திருக்கும் அந்தக் காலைக்கு முன்னால், பல இரவுகளாகத் துரோணாச்சாரியார் களரியில் வந்து போய்க்கொண்டிருப்பார். வேஷத்தில் அவருக்குப் பெரிய கிரீடம் கிடையாது. துரியோதனனுக்கு இருக்கும் அடவும் ஆரவாரமும் கிடையாது. ஆனால் பதினெட்டு நாள் கதையின் கண்ணி அவர் கையில் இருக்கிறது.

துரோணரின் கதை வறுமையில் தொடங்குகிறது. மகன் அசுவத்தாமன் பாலுக்கு அழுகிறான். வீட்டில் மாடு இல்லை. கூட விளையாடும் பிள்ளைகள் மாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறார்கள். பால் குடித்துவிட்டேன் என்று குழந்தை குதித்து ஆடுகிறது. அதைப் பார்த்த தகப்பன் பழைய தோழன் துருபதனிடம் போகிறார். அரசனும் ஆண்டியும் தோழர்களா என்று அவமானப்பட்டுத் திரும்புகிறார். அஸ்தினாபுரத்தில் கிணற்றில் விழுந்த பந்தைப் புல்லால் எடுத்துக் காட்டியபோது பீஷ்மர் கண்ணில் படுகிறார். அன்றைக்குக் கிடைத்ததுதான் வேலை. அரசகுமாரர்களுக்கு வில் சொல்லித்தரும் வேலை, அரண்மனைச் சோறு.

அந்தச் சோறுதான் துகிலுரிந்த சபையில் அவர் வாயை அடைத்தது. துச்சாதனன் சேலையை இழுக்கும் காட்சியில் கூத்து நடிகர் துரோணர் வேஷத்தில் செய்வது ஒன்றே ஒன்றுதான்: தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். திரௌபதி சபையை நோக்கி நியாயம் கேட்கும்போது, கூட்டத்தின் கண்கள் ஒருமுறை அந்தக் குனிந்த தலைமீதும் போய் வரும். வசனம் எதுவும் இல்லாத அந்த இடத்தை நன்றாகச் செய்யும் நடிகரைக் கிராமம் நெடுநாள் நினைவில் வைத்திருக்கும்.

அதே சோறுதான் ஏகலைவனின் கட்டைவிரலையும் கேட்டது. இந்தக் கதையை இருபதாம் நூற்றாண்டில் மேடைக்கென்று புதிதாகச் சிந்தித்தவர்களில் முக்கியமான இருவர் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

ஒருவர் டி.பி. கைலாசம். பெங்களூரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் நிலவியல் படித்துத் திரும்பியவர். கன்னட நகைச்சுவை நாடகத்துக்குத் தந்தை என்று கொண்டாடப்படுபவர். எழுதுவதைவிடச் சொல்வதில் அவருக்கு ருசி அதிகம். நாடகத்தை மனத்திலிருந்து ஒப்பிப்பார். பக்கத்தில் இருப்பவர்கள் எழுதிக்கொள்வார்கள். அவருடைய 'தொள்ளு கட்டி' தேர்வில் முதலிடம் வாங்கும் பிள்ளையையும், தேர்வில் தோற்றாலும் ஆபத்தில் துணிந்து இறங்கும் பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியது. மனப்பாடக் கல்வியின்மீது கன்னட மேடை வைத்த முதல் பெரிய வழக்கு என்று அதைச் சொல்லலாம்.

கைலாசம் 1944இல் ஆங்கிலத்தில் எழுதிய 'தி பர்ப்பஸ்' நாடகத்தில் துரோணர், அர்ச்சுனன், ஏகலைவன் மூவரும் வருகிறார்கள். எதற்காக வில் கற்க வேண்டும் என்பதே நாடகத்தின் கேள்வி. உலகில் முதல் வில்லாளி என்ற பேர் வேண்டும் என்கிறான் அர்ச்சுனன். காட்டில் மான்குட்டிகளை ஓநாய்கள் அடித்துத் தின்கின்றன, அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்கிறான் ஏகலைவன். துரோணருக்கு எவன் நல்ல மாணவன் என்பது தெரிகிறது. தெரிந்தும் அவர் கை கட்டப்பட்டிருக்கிறது. அரண்மனைக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்தாகிவிட்டது. ஏகலைவன் விரலைத் தருவது குருவின் வாக்கைக் காப்பாற்ற அவனாகவே செய்யும் செயலாகிறது. பார்ப்பவர்கள் துரோணரை வெறுக்க முடியாமலும் மன்னிக்க முடியாமலும் வீடு திரும்ப வேண்டியிருக்கும்.

இன்னொருவர் குவெம்பு. மைசூர் மகாராஜா கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்து, பிறகு மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானவர். அவருடைய 'பெரள்கெ கொரள்' 1947இல் வந்தது. 'விரலுக்குக் கழுத்து' என்பது பொருள். குருவுக்காக மாணவன் விரலை இழந்தான்; போர்க்களத்தில் குருவின் கழுத்து அறுபட்டு விழுந்தது. கடனும் வட்டியும் போல அந்த இரண்டையும் ஒரே நூலில் கோத்தார் குவெம்பு. ஆசிரியர் வேலையில் இருந்துகொண்டே ஓர் ஆசிரியரின் குற்றத்தை இத்தனை கடுமையாக எழுதினார் என்பது அவருடைய நேர்மைக்குச் சான்று.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1953இல், எல்லைக்கு இந்தப் பக்கம் வேறொரு கல்விப் பிரச்சினை வெடித்தது. ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் 1878இல் பிறந்து, ஓசூர்ப் பள்ளியில் படித்து, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிக்குப் போன இராஜாஜி அப்போது சென்னை மாகாண முதலமைச்சர். தொடக்கப்பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்று அவர் கொண்டுவந்த திட்டத்தை எதிர்த்தவர்கள் 'குலக்கல்வி' என்று அழைத்தார்கள். எதிர்ப்பு நாடெங்கும் பரவியது. 1954இல் அவர் பதவி விலகினார். காமராசர் வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. அதே 1954இல்தான் சென்னை அரசு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தையும் கொண்டுவந்தது. பள்ளிக்கூடமும் நாடக மேடையும் ஒரே ஆண்டில் சட்டமன்றத்தின் கவலையாக இருந்தன. எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடம் என்ற ஏகலைவனின் கேள்வி, தேர்தல் அரசியலின் நடுத்தெருவுக்கு வந்து நின்ற காலம் அது.

திரைக்குப் பின்னால் இருப்பவர்

களரியில் ஆடும் வாத்தியார் பயந்தவர். களரிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் வாத்தியாரைக் கண்டு மற்றவர்கள் பயப்படுவார்கள்.

கூத்து ஜமாவில் 'வாத்தியார்' என்றால் நாடகம் சொல்லித்தருபவர். மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் அவரை அண்ணாவியார் என்பார்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடம் பேசும் ஊர்களில் அவர் 'மேஷ்ட்ரு'. பழைய மைசூர்ப் பகுதியெங்கும் குருக்ஷேத்திர நாடகம் என்றால் ஊருக்கு ஓர் ஆர்மோனிய மேஷ்ட்ரு வந்து தங்குவது வழக்கம். நடிப்பவர்கள் உழவர்கள், கடைக்காரர்கள், அண்மைக்காலத்தில் தொழிற்சாலை ஊழியர்கள். வேஷத்துக்குப் பணம் கட்டித்தான் நடிக்க வேண்டும்; கிருஷ்ணன், துரியோதனன் வேஷங்களுக்குத் தொகை கூடுதல். நாடகத்தின் கதாநாயகனே பணம் கட்டிச் சேர்ந்த மாணவன் என்பதால், மேஷ்ட்ருவின் வேலை சுலபமானதல்ல.

பாடம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கும். கோயில் மண்டபத்திலோ ஊர்ச் சாவடியிலோ ஒரு பல்பு. ஆர்மோனியத்தின் துருத்தியை இடதுகை அசைக்க, வலதுகை விரல்கள் கட்டைகளின் மேல் கிடக்கும். எழுத்து தெரியாத நடிகர் என்றால் ஒரு வரியைப் பத்து முறை பாடிக்காட்டுவார். பதினோராவது முறை நடிகர் தனியே பாட வேண்டும். சுதி விலகினால் மேஷ்ட்ரு பேசமாட்டார். அந்தக் கட்டையை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நடிகரின் குரல் அங்கே வந்து சேரும்வரை காத்திருப்பார். அந்த ஒற்றை ஒலி மண்டபத்தில் நீண்டுகொண்டே இருக்கும். வெளியே நாய் குரைக்கும். குரல் மெல்ல ஏறி அந்த ஒலியோடு ஒட்டியதும்தான் விரல் எழும்.

ஏட்டறிவு இல்லாதவருக்கு இலக்கியம் போய்ச் சேர்ந்தது இப்படித்தான். வில்லிபுத்தூரார் பாரதத்தைப் புத்தகமாகத் தொடாத ஆயிரக்கணக்கானவர்களுக்கு அதன் கதையும் சொல்லும் பாட்டும் நெஞ்சில் நின்றது கூத்து வாத்தியார்களால்.

இந்த மரபின் நகர வடிவம்தான் பாய்ஸ் கம்பெனிகள். தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் முதலில் நடிகர். எமன், இரணியன் போன்ற பயங்கர வேஷங்களில் பேர் வாங்கியவர். அவர் வேஷத்தைக் கண்டு பெண்கள் அதிர்ச்சியில் பாதிக்கப்பட்டார்கள் என்றும், அதன் பிறகு நடிப்பதை விட்டுச் சொல்லித்தருவதில் இறங்கினார் என்றும் நாடக உலகில் வழங்கிவருகிறது. 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே. சண்முகம் ஆறு வயதுப் பிள்ளையாக அதில் சேர்ந்தார். 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்ததை 'எனது நாடக வாழ்க்கை' நூலில் சண்முகம் வியப்போடு பதிவு செய்திருக்கிறார். 1922 நவம்பரில் சுவாமிகள் புதுச்சேரியில் காலமானார். 'நாடகத் தலைமையாசிரியர்' என்ற பெயர் அவரோடு நிலைத்துவிட்டது.

மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் காளி என். ரத்தினத்திடம் பாடம் கேட்ட பிள்ளைகளில் ஒருவர் எம்.ஜி. இராமச்சந்திரன். பின்னாளில் தமிழ்நாட்டுத் தெருக்களில் அவரையே 'வாத்தியார்' என்று கூப்பிட்டார்கள். சிலம்பம் கற்றுத்தருபவருக்கும் கூத்துச் சொல்லித்தருபவருக்கும் கொடுத்த பட்டத்தை மக்கள் அவருக்கும் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குக் கொடுத்த மரியாதையைவிட அதில் நெருக்கம் கூட இருந்தது.

சுவாமிகளின் மாணவர் சண்முகம் 1940களில் ஔவையாராக வேஷம் கட்டி, ஔவை சண்முகம் ஆனார். தமிழ் மேடையின் ஆசிரியர் படங்களில் ஔவைக்குத் தனி இடம் வேண்டும். அவள் எந்த அரண்மனையிலும் சம்பளத்துக்கு இல்லை. கூழ் கொடுத்தவர் வீட்டில் கூழ் குடிப்பாள். அரசன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதைச் சொல்லுவாள். சண்டாமர்க்கரின் நடுக்கத்தையும் துரோணரின் மௌனத்தையும் பார்த்துப் பழகிய கூட்டத்துக்கு, கோலூன்றி வந்த அந்தக் கிழவி ஒரு பெரிய ஆறுதல்.

தமிழ்ப் பண்டிதரும் ஜானகி டீச்சரும்

சபா மேடைக்கு வந்தபோது வாத்தியார் மறுபடி சிரிப்புக்கு ஆளானார். பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி' நாடகத்தை ஏ.வி. மெய்யப்பன் 1941இல் படமாக எடுத்தபோது, டி.ஆர். இராமச்சந்திரன் நடித்த ஜமீன் வீட்டுப் பிள்ளையிடம் மாட்டிக்கொண்டு தவிக்கும் தமிழ்ப் பண்டிதராகக் கே. சாரங்கபாணி நடித்தார். பணக்கார வீட்டுப் பிள்ளை, அந்த வீட்டை நம்பிய பண்டிதர்: இரணியன் திண்ணையின் அதே ஏற்பாடுதான். ஆங்கிலம் சொல்லித்தருபவருக்கு இருந்த மதிப்பும் ஊதியமும் தமிழ் சொல்லித்தருபவருக்கு இல்லாத காலம் அது. அந்தச் சிரிப்பில் ஒரு காலத்தின் அநியாயமும் கலந்திருக்கிறது.

இதற்கு மாறாக, ஓர் ஆசிரியையை மேடை அன்போடு நினைவில் வைத்த கதையும் உண்டு. கிரேசி மோகன் நாடகங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கதாநாயகியின் பெயர் ஜானகி என்றே இருக்கும். பள்ளிப் பருவத்தில் தம்மை முதன்முதலாக மேடையேற்றிய ஆசிரியையின் பெயர் அது என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த ஆசிரியை கதைக்குள் வருவதில்லை. பெயர் மட்டும் ஒவ்வொரு நாடகத்திலும் வந்துகொண்டிருந்தது.

கடல் தாண்டிய வகுப்பறைகள்

ஆசிரியரின் வேலை பிறர் கையில் இருக்கிறது என்ற செய்தியை அமெரிக்க மேடை மிகக் கூர்மையாகச் சொன்னது. லில்லியன் ஹெல்மன் 1934இல் எழுதிய 'தி சில்ட்ரன்ஸ் அவர்' நாடகத்தில் கரேன், மார்த்தா என்ற இரு பெண்கள் சொந்த உழைப்பில் ஒரு பள்ளி நடத்துகிறார்கள். ஒரு மாணவி தன் பாட்டியிடம் அவர்களைப் பற்றி ஒரு பொய் சொல்கிறாள். பெற்றோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறார்கள். பள்ளி மூடுகிறது. பொய் என்று தெரியவரும்போது காப்பாற்றுவதற்கு எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. பாரதிதாசனின் இரணியன் சென்னையில் ஏறியதும் அதே 1934இல்தான்.

வில்லியம் கிப்சனின் 'தி மிராக்கிள் வொர்க்கர்' 1959இல் பிராட்வேயில் ஏறியது. பார்வையும் செவித்திறனும் இல்லாத சிறுமி ஹெலன் கெல்லருக்குப் பாடம் சொல்ல, அரைப் பார்வை உள்ள இளம்பெண் ஆனி சலிவன் சம்பளத்துக்கு வருகிறார். வீட்டுத் தலைவர் கேப்டன் கெல்லர் வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்று மிரட்டுகிறார். ஆனி பணியவில்லை. குழந்தையைத் தனியே வைத்துச் சொல்லித்தர இரண்டு வாரம் கேட்டு வாங்குகிறார். கடைசியில் தண்ணீர்க் குழாயடியில், கையில் விழும் நீரும் உள்ளங்கையில் விரலால் எழுதப்படும் எழுத்தும் ஒன்றுதான் என்று குழந்தைக்குப் புரிகிறது. விரலை வாங்கிய குருவின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, விரலால் உலகத்தைக் கொடுத்த இந்த ஆசிரியையின் கதை வேறு மாதிரி நெஞ்சில் இறங்கும்.

இந்திய மேடையில் இவர்களுக்குப் பக்கத்தில் வைக்கத்தக்க பெண், விஜய் டெண்டுல்கரின் லீலா பெணாரே. 1967இல் மராத்தியில் மேடையேறிய 'சாந்ததா! கோர்ட் சாலூ ஆஹே' நாடகத்தில் அவர் பள்ளி ஆசிரியை. விளையாட்டாகத் தொடங்கும் பொய் விசாரணை அவருடைய சொந்த வாழ்க்கையைக் கிழித்துப் போடுகிறது. அவரை ஏமாற்றிய பேராசிரியர் அந்த அறைக்கு வரவே இல்லை. அவருக்கு எந்த நட்டமும் இல்லை. பெணாரேயின் வேலை போகப்போகிறது. பிள்ளைகளிடம் மட்டுமே அவருக்கு உண்மையான சந்தோஷம் இருந்தது என்பதை நாடகத்தின் தொடக்கத்திலேயே டெண்டுல்கர் காட்டிவிடுவதால், அந்தத் தீர்ப்பு இரண்டு மடங்கு வலிக்கிறது.

சம்பளம் வாங்காத வாத்தியார்கள்

1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் புதியதொரு வாத்தியார் வந்தார். அறிவொளி இயக்கத்தின் தொண்டர்கள். பத்தாம் வகுப்பு முடித்த பெண்கள், வேலை தேடிக்கொண்டிருந்த இளைஞர்கள், பள்ளி ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள். மாலையில் அரிக்கேன் விளக்கைச் சுற்றிப் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். சம்பளம் கிடையாது.

அவர்களுக்கு முன்னால் ஊருக்குள் வந்தவை கலைக்குழுக்கள். மேடை இல்லை, திரை இல்லை, சீன் இல்லை. பறையும் பாட்டுமாகத் தெருமுனையில் அரைவட்டமாக நின்று நாடகம் போட்டார்கள். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் தொடங்கிவைத்த கலாஜாதா முறையைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் எடுத்துக்கொண்டு வளர்த்தது. அந்த நாடகங்களில் கைநாட்டு வைத்து ஏமாந்தவர் வருவார், பேருந்தின் பெயர்ப்பலகை படிக்கத் தெரியாமல் தவித்தவர் வருவார். பலகையும் சாக்பீஸுமாக வரும் வாத்தியாருக்குக் குடுமி இல்லை, பிரம்பு இல்லை. பல இடங்களில் அந்த வேஷம் போட்டவர் பகலில் மெய்யாகவே வாத்தியார். சண்டாமர்க்கர் காலத்திலிருந்து வேறொருவர் வேஷம் கட்டிக் காட்டிவந்த ஆசிரியரை, ஆசிரியரே நேரில் வந்து ஆடிக்காட்டியது அப்போதுதான் பரவலாக நடந்தது. அந்த நாட்களின் சூட்டை ச. தமிழ்ச்செல்வன் 'இருளும் ஒளியும்' நூலில் எழுதிவைத்திருக்கிறார்.

அந்த ஆண்டுகளில் ஓசூரும் மாறிக்கொண்டிருந்தது. 1971இல் உருவான சிப்காட் இங்கே தொழிற்பேட்டை அமைக்க, அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று 1980களில் பெரிய ஆலைகள் ஓடத் தொடங்கின. ஷிப்ட் முறை வந்தது. இரவெல்லாம் கூத்துப் பார்த்துவிட்டுக் காலையில் வயலுக்குப் போக முடியும். காலை ஷிப்டுக்குப் போவது கடினம். விடியவிடிய நடந்த கூத்து சில ஊர்களில் நள்ளிரவோடு முடிந்தது. பாடம் கேட்க வரும் நடிகர்களின் நேரத்துக்குத் தக்கபடி வாத்தியார்கள் தங்கள் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது; 2019இல் ஓசூர் மாநகராட்சியானது. வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் இங்கே பள்ளிக்கு வருகிறார்கள். மூன்று மொழிகள் பேசிய ஊர்களில் இப்போது நான்காவதும் ஐந்தாவதும் கேட்கின்றன.

2021இல் பெருந்தொற்றுக்குப் பிறகு தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது, பெற்றோரைக் கூப்பிட மறுபடி கலைக்குழுக்களைத்தான் ஊர் ஊராக அனுப்பினார்கள். தன்னார்வலர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். மூடிக் கிடந்த வகுப்பறைகளைப் பற்றித் தெருவில் பறை அடித்துச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பறைச் சத்தம் கேட்டு ஓடிவந்த பிள்ளைகளில் பலர், பள்ளிக்கூடத்தையே ஒன்றரை ஆண்டாகப் பார்க்காதவர்கள்.

இரணியன் கூத்துக்குத் திரும்பலாம். விடியற்காலையில் தூணைப் பிளந்துகொண்டு நரசிம்மம் வந்து, கற்பூரம் காட்டி, களரி முடிகிறது. சண்டாமர்க்கராக ஆடியவர்கள் முன்பே வேஷம் கலைத்துவிட்டார்கள். தேங்காயெண்ணெய் தேய்த்து அரிதாரத்தைத் துடைத்த முகங்கள் மஞ்சளாக மின்னுகின்றன. ஊர்ப் பெரியவர்கள் வாத்தியாருக்கு ஒரு துண்டு போர்த்தி, வெற்றிலைத் தட்டில் பேசிய தொகையை வைக்கிறார்கள். அவர் அதை எண்ணிப் பங்கு பிரிக்கிறார். முகவீணைக்காரர், மிருதங்கக்காரர், இரணியன், கட்டியங்காரன், ஒவ்வொருவராக வந்து வாங்கிப் போகிறார்கள். கடைசியில் பிரகலாதனாக ஆடிய பையன் மரப்பெட்டிமேல் உட்கார்ந்தபடியே தூங்கிவிழுகிறான். வாத்தியார் அவன் சட்டைப் பையில் பங்கை மடித்து வைத்துவிட்டு, முதல் பஸ் வர நேரமாகிறது என்று தோளைத் தட்டி எழுப்புகிறார். அன்றைக்குத் திங்கட்கிழமை என்றால் பையனுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும்.

(தொடரும்)

அடுத்த அத்தியாயத்தில்: வாடகைக்கு வரும் சீன் செட்டுகளும் கிரீடப் பெட்டிகளும்